கை சுத்தமாக ஒரு தாலுகா ஆபீஸ்

குரூப் 2, குரூப் 4 எழுதித் தேறி வருவாய்த் துறைக்கு வரும் பிள்ளைகள் சிலர் என்னைப் பார்க்க வருவதுண்டு. ஓய்வு பெற்றவன், இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை, உள்ளதைச் சொல்வான் என்ற நம்பிக்கை. ஊர், பேர், எந்த செக்‌ஷன் என்றெல்லாம் பேசிக் காபி குடித்து முடித்த பிறகு மெதுவாகக் கேட்பார்கள்: "சார், வாங்காம காலம் தள்ள முடியுமா?"

தாராளமாக முடியும். சம்பளத்துக்குள் குடும்பம் நடத்துகிற வீட்டுக்காரம்மா அமைந்தால் அது பெரிய கஷ்டமே இல்லை. நாம் உட்கார்ந்திருக்கிற ஆபீஸில் மற்றவர்களும் லஞ்சம் வாங்க வழியில்லாமல் செய்வதுதான் வேலை. அதற்குப் பதிவேடு பார்க்கத் தெரிய வேண்டும், மேலதிகாரிக்குக் கடிதம் எழுதத் தெரிய வேண்டும், தோலும் கொஞ்சம் தடித்திருக்க வேண்டும். நேர்மையைப் பற்றிய பேச்செல்லாம் மனசாட்சி, தியாகம் என்றே போகிறது. பதிவேட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 1989-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன். டெல்டா மாவட்டம் ஒன்றில் உதவியாளர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு படியாக ஏறி, துணை ஆட்சியராக இறங்கினேன். நேர்மையான அதிகாரி என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் சகாயம் ஐயா பெயர்தான் வாயில் வரும். 2009-ல் நாமக்கல் ஆட்சியராக இருந்தபோது தன் சொத்துக் கணக்கை இணையதளத்தில் போட்டவர், மதுரையில் கிரானைட் விவகாரத்தைத் தோண்டியவர். அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஆட்சியரை மாற்றினால் செய்தி. துணை வட்டாட்சியரை மாற்றினால் அவர் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய் நிற்க வேண்டியதுதான். கீழ்மட்டத்தில் இருப்பவனுக்கு வேறு உபாயங்கள் வேண்டும்.

எனக்கு வழிகாட்டியது ஒரு பழைய அரசு அறிக்கை. 1962-ல் லஞ்சத்தை ஆராய மத்திய அரசு ஒரு குழு போட்டது. தலைவர் கே. சந்தானம், எங்கள் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். 1964-ல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது அதனால்தான். நம் மாநிலத்து லஞ்ச ஒழிப்புத் துறையும் அதே 1964-ல் தொடங்கியதுதான். அந்த அறிக்கையில் ஒரு கருத்து உண்டு: பலர் லஞ்சம் கொடுப்பது சட்டத்துக்குப் புறம்பாக எதையோ சாதிக்க அல்ல, நியாயமாக நடக்க வேண்டிய காரியம் சீக்கிரம் நடக்கட்டும் என்றுதான். 'ஸ்பீடு மணி' என்று அதற்குப் பெயரும் கொடுத்திருந்தார்கள். தாலுகா ஆபீஸில் ஒரு வருஷம் உட்கார்ந்தால் இதற்கு விளக்கவுரையே எழுதலாம்.

நிலத்தை அளந்து பிரிக்க வேண்டியதில்லாத, அதாவது உட்பிரிவு இல்லாத சாதாரண பட்டா மாறுதலை எடுத்துக்கொள்வோம். நிலம் வாங்கியவர் மனு போடுகிறார். ஒரு மாதம் கழித்து மனு திரும்புகிறது: மூலப் பத்திர நகல் இல்லை. அதைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அடுத்த மாதம் மறுபடி திரும்புகிறது: வில்லங்கச் சான்று இன்னும் முந்தைய வருஷத்திலிருந்து வேண்டும். அதையும் வாங்கி வந்தால், விற்றவரின் அப்பா பெயரில் பட்டா இருக்கிறது, வாரிசுச் சான்று எங்கே என்கிறார்கள். ஒவ்வொரு கேள்வியும் நியாயமானது. தணிக்கைக்கு வருகிறவர் பார்த்தால் எழுத்தர் ரொம்பக் கறாரானவர் என்று பாராட்டிவிட்டுப் போவார். நாலாவது தடவை அந்த மனுதாரர் ஆபீஸுக்குள் வரமாட்டார், எதிர் டீக்கடையில் நிற்கிற தரகரிடம் போவார். யாரும் யாரிடமும் காசு கேட்கவில்லை, கவனியுங்கள். இதைப் பிடிக்கப் பொறி வைக்கவும் முடியாது.

நான் வட்டாட்சியரானதும் முதலில் போட்ட அலுவலக ஆணை இதற்குத்தான். குறை எதுவானாலும் ஒரே தடவையில் எல்லாவற்றையும் எழுதிக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு புதிதாக ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் கோப்பு என் மேசைக்கு வந்து என் கையெழுத்தோடுதான் போக வேண்டும். ஒரு பாராதான் அந்த ஆணை. அதனால் உண்டான மனத்தாங்கல் நான் அங்கிருந்து மாறுகிறவரை இருந்தது.

இரண்டாவது உபாயம் தன்பதிவேடு. எழுத்தர் ஒவ்வொருவரும் தன்னிடம் வந்த தாளையும் அது முடிந்த தேதியையும் வரிசையாக எழுதுகிற பதிவேடு. இதைப் பார்வையிடும் அதிகாரிகள் வழக்கமாக நிலுவையைத்தான் பார்ப்பார்கள்: ஏன் இத்தனை பாக்கி, எப்போது முடிப்பாய் என்று. நான் சீக்கிரம் முடிந்த தாள்களைப் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை வந்த மனு வியாழக்கிழமை முடிந்திருக்கும். அதற்கு முன்னால் வந்த நாற்பது மனுக்கள் அப்படியே கிடக்கும். "இது மட்டும் எப்படிப்பா தாண்டி வந்துச்சு?" என்று கேட்டால் போதும். சில சமயம் காரணம் சரியாகவே இருக்கும்: கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைசி நாள், வீட்டில் ஒரு சாவு, இப்படி. அதை அந்தத் தாளிலேயே எழுதிவைக்கச் சொல்வேன். காரணம் இல்லாதபோது எழுத்தர் பேனாவைப் பார்ப்பார், மின்விசிறியைப் பார்ப்பார். நான் திட்டியது கிடையாது. அடுத்த வாரமும் அதே கேள்வியைக் கேட்பேன். வரிசையைத் தாண்டும் தாளுக்குக் கேள்வி வரும் என்று தெரிந்துவிட்டால் தரகரால் வாக்குக் கொடுக்க முடியாது. வாக்குக் கொடுக்க முடியாத தரகருக்கு யார் காசு கொடுப்பார்கள்?

கம்ப்யூட்டர் வந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு, ஒன்றும் மாறவில்லை என்கிறவர்களும் உண்டு. இரண்டும் பாதி. பட்டா, சிட்டா, கிராமத்து நிலம் ஒவ்வொன்றும் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டின் நகல் எல்லாம் வீட்டிலிருந்தே எடுக்கலாம் என்று ஆனபோது பதிவறையில் நகல் எடுத்துத் தருவதற்காக நடந்த வசூல் சத்தமில்லாமல் செத்துப்போனது. அங்கே யாருக்கும் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, இருப்பதைக் கொடுக்க வேண்டியதுதான். இப்போது பத்திரம் பதிந்ததும் பட்டா மாறுதல் மனு தானாகவே தாலுகாவுக்கு வந்துவிடுகிறது, அதுவும் நல்லதே. ஆனால் நிலத்தை அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும் என்கிற இடத்தில் ஒரு மனிதர் வயலுக்குப் போயாக வேண்டும், ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அங்கே பழைய கதை புது வேஷத்தில் வரும். 'ஆவணங்கள் போதுமானதாக இல்லை' என்ற ஒற்றை வரியில் மனு நிராகரிக்கப்படும். எந்த ஆவணம்? தெரியாது. மறுபடி இ-சேவை மையம், மறுபடி கட்டணம். நிராகரித்தால் எந்த ஆவணம் இல்லை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று கடைசி வரை மல்லுக்கட்டினேன்.

சரி, கீழே இருக்கிறவர்களை மட்டும் சொல்லிக்கொண்டு போவது நியாயமில்லை. வருவாய்த் துறையில் பணம் கீழிருந்து மேலே ஏறுகிற ஒரு வாய்க்கால் உண்டு, அதன் பெயர் முகாம் செலவு. மேலிடத்திலிருந்து யாராவது வருகிறார் என்றால் பயணியர் மாளிகையில் அறை, கூட வருகிற அத்தனை பேருக்கும் சாப்பாடு, வண்டிகளுக்கு டீசல், கிளம்பும்போது காரில் ஏற்ற ஒரு பை. இதற்கு முறையான ஒதுக்கீடு சொற்பம். பல சமயம் ஒன்றுமே இருக்காது. "தாசில்தார் பாத்துக்குவார்" என்பார்கள். தாசில்தார் வருவாய் ஆய்வாளரைப் பார்ப்பார். ஆய்வாளர் கிராம நிர்வாக அலுவலர்களைப் பார்ப்பார். அவர்கள், வருமானச் சான்று கேட்டு வந்து நிற்கிற அம்மாவைப் பார்ப்பார்கள். கொடிநாள் வசூலும் பல இடங்களில் இப்படித்தான். டிசம்பர் 7 வருவதற்கு முன்பே ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துவிடுவார்கள்.

இதை நான் ஒழித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். என் தாலுகாவில் செய்தது இவ்வளவுதான். முகாம் செலவுக்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். டீ வாங்கினாலும் ரசீது. முகாம் முடிந்த மறுநாள், இன்னார் வருகைக்காக இன்ன செலவு, அனுமதித்து நிதி ஒதுக்கப் பணிந்து வேண்டுகிறேன் என்று பட்டியலோடு கடிதம் அனுப்பிவிடுவேன். சிலவற்றுக்குப் பணம் வந்தது. பலவற்றுக்குக் கேள்வி வந்தது. மிச்சத்துக்கு ஒன்றுமே வரவில்லை, அது என் சட்டைப் பையோடு போனது. ஆனால் தான் சாப்பிடும் சாப்பாடு கடிதமாக மாறி மேலே போகும் என்று தெரிந்ததும் வருகிறவர்களின் பசி குறைந்துவிட்டது. ஒரு அதிகாரி நேராகவே கேட்டார்: "என்ன தாசில்தார், நான் சாப்ட்ட சாம்பாருக்கும் தபால் போட்டீங்களாமே?" "ஆமாங்க சார், ஆடிட்ல கேட்டா நாளைக்கு உங்க பேரும்ல வரும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரிக்காதவர்களும் இருந்தார்கள்.

கிராம நிர்வாக அலுவலர்கள் கூட்டத்தில், என் பேரைச் சொல்லி யாரும் யாரிடமும் வாங்கக் கூடாது என்று அறிவித்தேன். பெரும்பாலோருக்கு நிம்மதி. சிலர் முகம் தொங்கிப்போனது. மேலே ஐந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கீழே பத்து வாங்குகிறவர்கள் அவர்கள். தாசில்தாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற சாக்கே அவர்களுக்கு முதல்.

இனி வாய்மொழி உத்தரவு. இளம் அதிகாரிகளைச் சிக்கவைப்பது லஞ்சத்தைவிட அதிகமாக இதுதான். கையெழுத்து நம்முடையதாக இருக்கும், சொன்னவர் குரல் காற்றோடு போயிருக்கும். ஒருமுறை ஒரு குளத்துப் புறம்போக்கில் கொஞ்சம் இடத்துக்குப் பட்டா கொடுத்துவிடும்படி போனில் சொன்னார்கள். அ-பதிவேட்டில் குளம் என்று பளிச்சென்று இருக்கிறது. ஏரி, குள ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் மாநிலம் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. "பண்ணிடலாம் சார்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். மத்தியானம் கடிதம் போனது: 'இன்று முற்பகல் தொலைபேசியில் தாங்கள் அறிவுறுத்தியவாறு மேற்படி இனம் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி புல எண் கிராம அ-பதிவேட்டின்படி குளம் என வகைப்பாடு செய்யப்பட்டுள்ளது. எனவே மேல்நடவடிக்கைக்குத் தங்களின் எழுத்துப்பூர்வமான ஆணையை வேண்டுகிறேன்.' மறுப்பு என்று அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. பதில் வரவே இல்லை. பட்டாவும் போகவில்லை. கொஞ்ச நாளில் நான்தான் போனேன், நில எடுப்புப் பிரிவுக்கு.

2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில், அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின்படி மட்டும் நடக்கக் கூடாது, அதை எழுத்தில் பதிய வேண்டும் என்று சொன்னது. இன்றைக்குப் பிள்ளைகளுக்கு அந்தத் தீர்ப்பின் துணை இருக்கிறது. கடிதத்தை மட்டும் மரியாதையாக எழுதுங்கள். கோபத்தில் எழுதிய கடிதம் பின்னால் நம்மீதே 17(ஆ) குற்றச்சாட்டுக்கு, அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கைக்கு, ஆதாரமாகிவிடும்.

நில எடுப்பு, தேர்தல் பிரிவு, நலத்திட்டப் பிரிவு, இதையெல்லாம் துறையில் 'டம்மி போஸ்ட்' என்பார்கள். 'வளமான இடம்' கிடைக்காதவர்களின் வனவாசம். என்னைக் கேட்டால், விதிகளைப் படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. குழந்தைகளின் படிப்பை மட்டும் ஒரே ஊரில் நிறுத்திவிட வேண்டும். நாம் பஸ்ஸில் போய் வந்துகொள்ளலாம். மாறுதலை ஆயுதமாக வைத்திருக்கிறவர்களிடமிருந்து அந்த ஆயுதத்தைப் பிடுங்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

அப்புறம் மொட்டைப் பெட்டிஷன். கறாராக இருக்கிற எவர் மேலும் வரும். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல், பெயரில்லாப் புகார்களின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 1999-ல் சுற்றறிக்கை விட்டார். அவரே 2000 ஜனவரியில், நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கப்பட்ட அதிகாரிகளின் பெயர்களை இணையதளத்தில் போட்டு டெல்லியையே கலங்கடித்தார். இரண்டும் ஒரே ஆள் செய்தது என்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் பெயர் போட்டுப் புகார் கொடுக்கிறவனுக்கு என்ன பாதுகாப்பு? தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். பெயர் ரகசியமாக இருக்கவில்லை. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். புகார் கொடுப்போரைக் காக்கும் சட்டம் 2014-ல் நிறைவேறியும் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. அதனால் மொட்டைக் கடிதம் எழுதுகிறவரை எல்லாம் கோழை என்று நான் சொல்வதில்லை.

நம்மீது வந்தால் என்ன செய்வது? காகிதம்தான் காப்பாற்றும். 1973-ம் வருஷத்து அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி சொத்து வாங்கினால் தெரிவிக்க வேண்டும், பலர் அதை ஒரு சடங்காக நினைத்து விட்டுவிடுகிறார்கள். நான் வீடு கட்டிய செலவு, பி.எஃப். கடன், நகைக்கடன் ரசீது, மாமனார் மகளுக்குக் கொடுத்தது என்று எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு வைத்திருந்தேன். ஒருமுறை விசாரணைக்கு வந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுல பால் பாக்கி மட்டும்தான் இல்ல" என்றார்.

இன்னொரு பக்கமும் நான் இருந்திருக்கிறேன். லஞ்ச ஒழிப்புத் துறை பொறி வைக்கும்போது வேறு துறை அரசு ஊழியர்கள் இருவரைச் சாட்சியாக அழைக்கும். உதவியாளராக இருந்த காலத்தில் எனக்கு அந்த அழைப்பு வந்தது. பலர் வயிற்றுவலி என்று விடுப்புப் போட்டு நழுவுவார்கள். நான் போனேன்.

ஒரு மேசை, கண்ணாடி டம்ளர்கள். ஒரு டம்ளரில் சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீர், நிறமே இல்லாமல். ரூபாய் நோட்டுகளின் எண்களை ஒருவர் வாசிக்க இன்னொருவர் மகஜரில், அதாவது சாட்சிகள் முன்னால் நடப்பதை எழுதிவைக்கும் தாளில், எழுதினார். நோட்டில் பினால்ப்தலீன் பொடியைத் தடவினார்கள். அதைத் தொட்ட விரலைத் தண்ணீரில் நனைத்ததும் தண்ணீர் ரோஜா நிறமானது. புகார் கொடுத்தவர் ஒரு சிறு விவசாயி. அவர் சட்டைப் பையைக் காலி செய்து அந்த நோட்டுகளை மட்டும் வைத்தார்கள். "பெரியவரே, அவரு கேட்டா மட்டும் குடுங்க. நீங்களா நீட்டக் கூடாது. குடுத்ததும் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு வெளிய வாங்க" என்று லஞ்ச ஒழிப்புத் துறை ஆய்வாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். பேச்சைக் காதில் வாங்க நான் கூடவே போக வேண்டும்.

அந்த அதிகாரி பணம் என்ற சொல்லையே சொல்லவில்லை. "கொண்டாந்தீங்களா?" என்றார், அவ்வளவுதான். வாங்கி மேசை டிராயரில் வைத்தார். ஆட்கள் உள்ளே வந்து கையைக் கழுவச் சொன்னபோது தண்ணீர் நிறம் மாறியது. புட்டியில் ஊற்றி, மூடி, அரக்கு முத்திரை வைத்து, லேபிளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

வழக்கு சாட்சி விசாரணைக்கு வர வருஷக்கணக்கானது. குறுக்கு விசாரணை முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சுற்றியே ஓடியது. 'கொண்டாந்தீங்களா' என்றால் பத்திரத்தையா, பணத்தையா? மனுதாரர் முந்தின தடவை வந்தபோது என்ன பத்திரம் பாக்கி இருந்தது? விரலில் நிறம் மாறியது மட்டும் போதாது, லஞ்சம் கேட்டார் என்பதும் நிரூபணமாக வேண்டும் என்பதுதான் சட்டம். புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ்சாட்சி ஆனாலோ சூழ்நிலைச் சாட்சியங்களைக் கொண்டும் அதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. ஆக, சாட்சியாகப் போகிறவர்கள் மகஜரை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காதில் விழுந்த சொற்களை அதே பேச்சு வழக்கில் எழுதச் சொல்லுங்கள். 'லஞ்சப் பணம் கேட்டார்' என்று செந்தமிழில் எழுதினால் நீதிமன்றத்தில் மாட்டிக்கொள்வது நாம்தான்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கும் ஒன்று. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. வற்புறுத்தலுக்கு ஆளாகிக் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீஸிலோ விசாரணை அமைப்பிலோ தெரிவித்துவிட்டால் தப்பலாம். கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்னபடி கொடுத்தாலும் குற்றமில்லை. அவர்களுடைய தொலைபேசி எண் எழுதிய பலகை ஆபீஸ்களில் இருக்கும். சில இடங்களில் அதன் முன்னால் ஒரு பீரோவும் இருக்கும். புதிதாகப் பொறுப்பேற்கிற பிள்ளைகளிடம், முதல் நாளே அந்தப் பலகையைத் துடைத்து வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டச் சொல்கிறேன். ஆணி வாங்கச் சில்லறைச் செலவில் இடமிருக்கிறது, ரசீது வைத்துக்கொண்டால் சரி.